நானூற்றுப் பன்னிரண்டு நினைவூட்டல்கள்

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பல் மருத்துவமனையின் கதவைத் திறந்து, விளக்குகளைப் போட்டு, முன்மேஜைக் கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பியவள் பூட்டக்கா. அது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. தேநீர் குடிக்க எழுந்தால்கூட மேஜை இழுப்பறையைப் பூட்டி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகருவாள் என்பதால் உதவியாளர் பெண் வைத்த பெயர். அந்த உதவியாளர் பெண்ணுக்கு டாக்டர் வைத்த பெயர் வானொலி. ஏன் என்று விளக்க வேண்டியதே இல்லை. அவள் பேச ஆரம்பித்தால் நோயாளி வாயைத் திறக்க மறந்துவிடுவார்.

அன்று கம்ப்யூட்டர் எழுந்தது. ஆனால் வழக்கமான நோயாளிப் பட்டியல் வரவில்லை. கறுப்புத் திரை, நடுவில் வெள்ளை எழுத்து.

‘வணக்கம். உங்கள் கோப்புகள் அனைத்தும் எங்களால் பூட்டப்பட்டுள்ளன. அவற்றின் நகல்கள் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் தொகை வந்து சேராவிட்டால், எல்லா நோயாளிகளின் விவரங்களும் இணையத்தில் வெளியாகும். பதற வேண்டாம். உதவி தேவைப்பட்டால் இங்கே எழுதுங்கள்.’

திருட்டுப் பயலுக்கு உபசாரம் வேறு! கீழே ஒரு கடிகாரம் நொடி நொடியாகக் குறைந்துகொண்டிருந்தது.

“என்னக்கா இது, கம்ப்யூட்டருக்கே பல்வலியா?” என்று கேட்டுக்கொண்டே வந்த வானொலி, பூட்டக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். “அக்கா, உட்காருங்க முதல்ல. ஏன் இப்படி வெளுத்துப் போயிட்டீங்க? போறது டாக்டர் காசு, உங்க காசா?”

பூட்டக்கா உட்கார்ந்தாள். டாக்டரின் காசைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. அந்தக் கம்ப்யூட்டருக்குள் மூவாயிரத்துச் சொச்சம் கோப்புகள் இருந்தன. அவள் கண்ணுக்குத் தெரிந்தது ஒரே ஒரு கோப்பு, அவளுடைய பதினொரு வயது மகள் குட்டியுடையது.

குட்டிக்கு முன்பல் வரிசை கோணல். இங்கேதான் கம்பி போட்டிருந்தார்கள். குழந்தைகளின் பதிவில் வீட்டு முகவரியும் பள்ளிக்கூடத்தின் பெயரும் எழுதாவிட்டால் அந்த மென்பொருள் சிவப்புக் கட்டம் காட்டி அடம்பிடிக்கும். வேறு எங்கேயும் உண்மையை எழுதாத பூட்டக்கா, இங்கே மட்டும் எழுதினாள். முழுப்பெயர், பிறந்த தேதி, மாடி எண், பள்ளி, வகுப்பு என்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதினாள். தன் மேஜையில், தன் கைக்குக் கீழே இருக்கிற கோப்பைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் ஏது என்று நினைத்தாள் பாவி.

யாரிடமிருந்து இத்தனை ஒளிவு? குட்டியின் அப்பாவிடமிருந்து. புருஷன் என்று சொல்ல அவளுக்கு நாக்குக் கூசும். கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற ஆள். கத்தமாட்டான், குடிக்கமாட்டான். அசாத்தியப் பொறுமைசாலி. அந்தப் பொறுமைதான் பயம். அவள் முதல் தடவை குழந்தையோடு வெளியேறியபோது, அவளுடைய சொந்த அக்கா அனுப்பிய பணம் எந்த ஊர் வங்கிக் கிளையில் எடுக்கப்பட்டது என்று வங்கியில் வேலை பார்க்கிற நண்பன் ஒருவன் மூலம் தெரிந்துகொண்டு ஐந்தே வாரத்தில் வாசலில் வந்து நின்றான். அன்று அவள் இடது மணிக்கட்டு உடைந்தது. இரண்டாம் தடவை ஊர் மாறி, காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தாள். அந்தப் புகாரின் நகலில் இருந்த புது முகவரியை வைத்தே வந்து சேர்ந்தான். குட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு அரை நாள் சுற்றினான். நடுநடுவே அவளுக்குப் போன் போட்டு, குழந்தை அழுவதைக் கேட்க வைத்தான். இறக்கிவிடும்போது அமைதியாகச் சொன்னான்.

“அடுத்த தடவை நான் உன்னைத் தேடி வரமாட்டேன். குட்டியை மட்டும் கூட்டிட்டுப் போயிடுவேன். அதுக்கப்புறம் நீ தேடு.”

அது நடந்து ஒன்றரை வருடம். மூன்றாவது ஓட்டத்தில்தான் இந்த ஊர், இந்த வேலை, இந்தக் கம்பி. அவன் தினமும் மகளின் பெயரை இணையத்தில் போட்டுத் தேடுவான் என்பது அவளுக்குச் சத்தியமாகத் தெரியும். வரைபடத்தில் ஒரு கோடு விடாதவன். மூவாயிரம் பெயர் வெளியானால் மூவாயிரத்தையும் சலித்துப் பார்ப்பான்.

எட்டரை மணிக்கு டாக்டர் வந்தார். ஆறடி மனிதர், தெருக்கோடி வரை கேட்கிற குரல், குழந்தை மனசு. திரையைப் படித்தார், தலையில் அடித்துக்கொண்டார்.

“என் புத்திதான்! வெள்ளிக்கிழமை பல் செட்டு பில்லுன்னு ஒரு மெயில் வந்துச்சு, நானே திறந்தேன். யாரையும் குத்தம் சொல்ல வேண்டாம், நான்தான் முட்டாள்.” பிறகு மேஜையை ஓங்கித் தட்டினார். “ஆனா ஒண்ணு. ஒரு பைசா குடுக்கமாட்டேன். இன்னிக்குக் குடுத்தா நாளைக்கு இன்னொரு டாக்டர் வீட்டு வாசல்ல நிப்பானுங்க.”

“டாக்டர்…” என்றாள் பூட்டக்கா. “நோயாளிங்க விவரமெல்லாம் வெளியில போயிடுமே. குழந்தைங்க விவரம் இருக்கு.”

“யாருக்கு எந்தப் பல்லு சொத்தைன்னு தெரிஞ்சு என்னம்மா பண்ணப்போறாங்க?”

அவர் கெட்டவர் இல்லை. ஒளிக்க வேண்டிய அவசியம் ஒருநாளும் வராத மனிதர், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்களுக்கு அது எப்படிப் புரியும்?

மதியம் சைபர் குற்றப் பிரிவிலிருந்து ஓர் அதிகாரியம்மா வந்தார். தலைமுடி கலைந்து, கண்கள் சிவந்து, மூன்று நாள் தூங்காதவர் மாதிரி இருந்தார். கம்ப்யூட்டரிலிருந்து என்னென்னவோ நகலெடுத்தார். அன்றாட நகல் எடுக்கும் டிஸ்க் கம்ப்யூட்டரிலேயே செருகியிருந்ததால் அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டார்கள் என்றார். கேட்கிற தொகை கிரிப்டோ என்கிற இணையக் காசில் ஒரு தனி வகையில் போக வேண்டுமாம். யார் அனுப்பினார், யாருக்குப் போனது, எவ்வளவு என்று மூன்றாம் மனிதர் யாரும் பார்க்க முடியாத வகை அது.

“முகமில்லாத காசு,” என்றார் அதிகாரியம்மா, காகிதக் கோப்பைத் தேநீரை ஊதியபடி. “மத்த காசுன்னா ஒரு தடம் இருக்கும், பின்னாலயே ஓடிப் பிடிச்சுடலாம். இதுல வாசல்லயே தடம் முடிஞ்சுடும். என்னைக் கேட்டா மொத்தமாத் தடை பண்ணணும். நேர்மையான மனுஷங்களுக்கு எதுக்கு இது?”

“அதானே!” என்றார் டாக்டர்.

பூட்டக்காவுக்குச் சுருக்கென்றது. வங்கியில் பணம் எடுத்து ஒரு முறை மாட்டியவள் அவள். இந்த ஒன்றரை வருடமாக அவளுடைய அக்கா கடல் தாண்டிய ஊரிலிருந்து அனுப்புகிற பணம் அந்த முகமில்லாத காசாகத்தான் வந்தது. பெண்களுக்கான உதவி எண்ணில் பேசிய முன்பின் தெரியாத ஒரு பெண் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த வழி அது. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள செல்போன் கடைக்காரர் அதை வாங்கிக்கொண்டு ரொக்கம் கொடுப்பார். அந்தக் காசுக்கு முகம் இல்லாததால்தான் குட்டி இரவில் கதவைப் பார்க்காமல் தூங்குகிறாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை.

“ஜன்னலுக்குத் திரை போடுறோமே மேடம், போடுற வீட்டுல எல்லாம் திருடனா இருக்கான்?”

வானொலியே வாயடைத்துப் போனாள். பூட்டக்கா எதிர்த்துப் பேசி அவள் பார்த்ததில்லை.

அதிகாரியம்மா கோபப்படவில்லை. “போடுங்கம்மா, வேண்டாங்கலை. ஆனா கோர்ட்டு உத்தரவோட வந்தா கதவைத் தட்டி நான் உள்ள வரலாம். இதுல கதவே கிடையாதே. போன மாசம் ஒரு ஆஸ்பத்திரியில இதே கூட்டம் கைவரிசை காட்டுச்சு. ரத்த வகை எதுவுமே தெரியாம ஆபரேஷனைத் தள்ளி வெச்சாங்க. அதுல ஒரு அம்மா போய்ச் சேர்ந்துட்டாங்க. அவங்க பையன்கிட்ட போய் நான் திரையைப் பத்திப் பேச முடியுமா, சொல்லுங்க.”

அந்தப் பையனைப் பூட்டக்கா நினைத்துப் பார்த்தாள். அதிகாரியம்மா சொல்வது பொய் இல்லை.

“கதவு இருந்தா சாவி இருக்கும் மேடம்,” என்றாள் மெதுவாக. “அந்தச் சாவி நல்லவங்க கையிலேயே இருக்கும்னு என்ன நிச்சயம்?”

“எங்களை நம்பணும்மா. வேற யாரை நம்புவீங்க?” அதிகாரியம்மா அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். “உங்களுக்கு ஏதாவது பிரச்சினையா? சொல்லுங்க. எழுத்துல குடுத்தா அறிக்கையில சேர்த்து மேல அனுப்பறேன்.”

நாக்கு நுனி வரை வந்தது. எழுத்தில், அறிக்கையில், மேலே. எத்தனை மேஜை, எத்தனை நகல்? பூட்டக்கா இல்லையென்று தலையை ஆட்டினாள்.

“ஒண்ணுமில்ல மேடம். சும்மா கேட்டேன்.”

செவ்வாய்க்கிழமை நோட்டில் கையால் பெயர் எழுதி நோயாளிகளைப் பார்த்தார்கள். மாலையில் குட்டியைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும்போது, எதிரே நிற்கிற ஒவ்வொரு காருக்குள்ளும் குனிந்து பார்த்தாள். “என்னம்மா, எதையாவது தொலைச்சிட்டியா?” என்று கேட்டது குழந்தை. சாப்பாடு இறங்கவில்லை. சமையல் பாத்திரத்தை இரண்டு தரம் கருகவிட்டாள்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அவளுடைய கைபேசிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அவளுக்கு மட்டுமில்லை, நோயாளிகள் எல்லோருக்கும் வந்திருந்தது. ‘உங்கள் மருத்துவர் உங்களைக் காப்பாற்ற மறுக்கிறார். உங்கள் கோப்பை மட்டும் தனியாக நீக்க விரும்பினால், இந்தச் சிறு தொகையை அனுப்புங்கள்.’ கீழே, சாட்சிக்கு என்று, அவரவர் கோப்பின் முதல் பக்கம். அவளுக்கு வந்ததில் குட்டியின் படம் இருந்தது. கம்பி போட்ட பற்களைக் காட்டிச் சிரிக்கிற படம். படத்துக்குக் கீழே பள்ளியின் பெயர், வகுப்பு, மாடி எண்.

அவள் கைபேசியை மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

“அக்கா, எனக்கும் வந்திருக்கு!” என்றாள் வானொலி. “என் வயசைப் போட்டு வெச்சிருக்கானுங்க பாவிங்க! இருபத்தாறுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன், மானம் போச்சு. நான் காசு குடுக்கமாட்டேன்பா. குடுத்தாலும் நீக்குவானுங்கன்னு என்ன உத்தரவாதம்?”

அதையேதான் பூட்டக்காவும் தன்னைக் கேட்டுக்கொண்டாள். திருடனுக்கு ஏது வாக்கு? காசையும் வாங்கிக்கொண்டு கோப்பையும் வெளியிட்டால்? இந்தக் கோப்புக்குத்தான் இவள் துடிக்கிறாள் என்று தெரிந்துகொண்டு இன்னும் கேட்டால்? கொடுக்காவிட்டால் மட்டும் என்ன வாழ்கிறது, நாளைக் காலை எட்டு மணிக்கு எல்லாம் முடிந்தது.

மதிய இடைவேளையில் எக்ஸ்ரே அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். கனத்த கதவு, உள்ளே பேசுவது வெளியே கேட்காது. அந்தச் சிறு தொகை அவளுக்குச் சிறிதில்லை. அக்கா எட்டு மாதம் அனுப்பியதில் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேர்த்தது மொத்தமும் அதற்கே சரியாக இருந்தது. காசு போய்ச் சேர வேண்டிய நீளமான அந்த இணைய முகவரியை எழுத்து எழுத்தாக மூன்று முறை சரிபார்த்தாள். கட்டைவிரலை அழுத்துவதற்கு முன்னால், ரத்த வகை தெரியாமல் செத்துப்போன அந்த அம்மாளின் மகன் நினைவுக்கு வந்தான். இந்தக் காசு அந்தக் கூட்டத்துக்குத்தானே போகிறது? நாளைக்கு இன்னொரு ஆஸ்பத்திரியைக் குத்த நானே கத்தி வாங்கித் தருகிறேனே என்று மனசு அடித்துக்கொண்டது. இருந்தும் அழுத்தினாள். எந்த அம்மாவும் அழுத்தியிருப்பாள் என்று நான் சொல்ல வரவில்லை. இவள் அழுத்தினாள்.

இருபது நிமிடம் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு பதில் வந்தது. ‘நன்றி. உங்கள் கோப்பு நீக்கப்பட்டது. இனிய நாள்.’

வியாழன் காலை எட்டு மணிக்குக் கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டது. டாக்டர் கைகளைக் கட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் நின்றார். எட்டேகாலுக்கு மூவாயிரம் கோப்புகளும் வெளியாகிவிட்டன என்று அதிகாரியம்மா போனில் சொன்னார். போன் மணி ஓயாமல் அடிக்க ஆரம்பித்தது. ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை, தான் கட்டிய பல் வைத்திருப்பது இனி ஊருக்கே தெரியும் என்று அழுதார். ஒருவர் டாக்டரைக் கண்டபடி ஏசினார். அத்தனையும் கேட்டுக்கொண்டு பூட்டக்கா, “மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் கண் மட்டும் வானொலியின் மேல் இருந்தது. வானொலி தன் கைபேசியில் அந்தப் பட்டியலைத் திறந்து, தெரிந்தவர்கள் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

“பார்த்தீங்களா, என் வயசு! அப்படியே இருக்கு!” என்று புலம்பினாள். பிறகு, “இருங்க, பாப்பா பேரையும் பார்க்கறேன்.”

அடித்துக்கொண்டிருந்த போனைப் பூட்டக்கா எடுக்கவில்லை.

“இல்லையே… எழுத்தை மாத்திப் போட்டும் பார்க்கறேன். ம்ஹூம், பாப்பா பேரும் இல்ல, உங்க பேரும் இல்ல. அக்கா, உங்களுக்கு ஏதோ சுக்கிர திசை!”

திருடன் வாக்கைக் காப்பாற்றிவிட்டான்! பூட்டக்கா கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வாயில் கையை வைத்துக்கொண்டு அழுதாள். அத்தனை பேர் அங்கே போனில் அழும்போது தான் மட்டும் பிழைத்தது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அப்படி ஒரு நிம்மதி. அன்றைக்குக் குட்டியைக் கூட்டி வரும்போது எந்தக் காருக்குள்ளும் அவள் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் வந்தபோது டாக்டர் அவளுக்கு முன்னால் வந்திருந்தார். முகமெல்லாம் பல்.

“அம்மா, வாம்மா! நம்ம ஜெயிச்சுட்டோம்!”

வருடத்துக்கு ஒரு முறை, மருத்துவமனையை ஒட்டடை அடித்துச் சுத்தம் செய்கிற நாளில், எல்லாவற்றையும் ஒரு டிஸ்கில் நகலெடுத்து வீட்டு அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைப்பது டாக்டரின் வழக்கம். இந்தத் தடவை சுத்தம் செய்யவும் இல்லை, நகல் எடுக்கவும் இல்லை. பதினான்கு மாதத்துக்கு முந்தைய டிஸ்க் மட்டும் கிடைத்தது. கம்ப்யூட்டர்காரர் முந்தின நாள் மாலையே வந்து, எல்லாவற்றையும் அழித்து, அந்த டிஸ்கிலிருந்து திரும்ப ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

“பதினாலு மாசம் போச்சு, போகட்டும். மிச்சம் நம்ம கையில இருக்கு. அவனுங்களுக்கு ஒரு பைசா குடுக்கல பார்த்தியா!”

பூட்டக்கா தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான்கு நாட்களுக்குப் பிறகு பழக்கமான நீலத் திரை. உள்ளே மூலையில் ‘நினைவூட்டல் அனுப்பு’ என்ற பச்சைப் பொத்தான். தினமும் காலை அவள் செய்கிற முதல் வேலை அது. பரிசோதனைத் தவணை வந்தவர்களின் பெயர்களை மென்பொருள் பட்டியல் போட்டுக் கொடுக்கும். அவள் ஆள்காட்டி விரலைத் திரையில் வைத்து, வரி வரியாகப் பெயரையும் எண்ணையும் படித்து, சரியென்று தோன்றிய பிறகே அழுத்துவாள். பத்துப் பன்னிரண்டு பெயர் இருக்கும், ஐந்து நிமிட வேலை.

அன்று பட்டியல் உருண்டுகொண்டே போனது. பதினான்கு மாதமாக யாருமே பரிசோதனைக்கு வரவில்லை என்று அந்த மென்பொருள் நினைத்துக்கொண்டிருந்தது.

“டாக்டர், நானூத்துப் பன்னெண்டு பேர் இருக்காங்க. பார்த்து அனுப்பட்டுமா?”

“பார்க்க என்னம்மா இருக்கு? அனுப்பு, அனுப்பு! நம்ம திரும்பத் திறந்துட்டோம்னு எல்லாருக்கும் தெரியட்டும்!”

ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக அவள் மனசு லேசாக இருந்தது. விரலைத் திரையில் வைக்கவில்லை. அழுத்தினாள்.

ஒன்பது மணிக்குள் பதில்கள் வர ஆரம்பித்தன. வருகிறவர்கள் ‘1’ என்றும், வராதவர்கள் ‘2’ என்றும் அனுப்ப வேண்டும். வானொலி பக்கத்தில் நின்று படித்துச் சிரித்தாள்.

“அக்கா, இவரைப் பாருங்க! ‘பல் எல்லாத்தையும் நீங்கதானே பிடுங்கினீங்க, இனி எதைப் பரிசோதிக்கப் போறீங்க’ன்னு அனுப்பியிருக்காரு!”

பூட்டக்காவும் சிரித்தாள். அப்போது போன் அடித்தது. ஒரு பெண் குரல்.

“எங்க வீட்டுக்காரருக்குப் பரிசோதனைக்கு வரச்சொல்லி மெசேஜ் வந்திருக்கும்மா. அவர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகுது. நான்தான் அப்பவே நேர்ல வந்து சொன்னேனே. நீங்கதான் பேரை எடுத்துவிட்டீங்க.”

“ஆமாம்மா, எடுத்தேனே…” என்றாள் பூட்டக்கா. அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. தன் கையாலேயே அழித்த பெயர். “தப்பு நடந்துபோச்சு. பழைய டிஸ்க்லேருந்து ஏத்தினது. அதுல அவர் இன்னும்…”

போனை வைத்தாள். வைத்த கை அங்கேயே இருந்தது.

அவள் அழித்ததெல்லாம் திரும்ப வந்திருக்கிறது.

அவள் வேலைக்குச் சேர்ந்து பதினைந்தாவது மாதம் இது. ஒட்டடை அடித்தது அவளுடைய இரண்டாவது வாரம். அவளே ஏணி பிடித்தாள். அதற்கு முந்தின வாரம்தான் குட்டியின் பழைய பல் கோப்பைப் பழைய ஊர் மருத்துவரிடமிருந்து வரவழைத்து ஏற்றியிருந்தார்கள். பழைய எக்ஸ்ரே இல்லாமல் கம்பி போட முடியாது என்று டாக்டர் பிடிவாதம் பிடித்திருந்தார். புது முகவரியையும் பள்ளியையும் அன்றைக்கே எழுதினாள். ஆனால் பெற்றோர் கைபேசி என்ற இடத்தில் பழைய கோப்போடு ஒட்டிக்கொண்டு வந்த எண்ணை அவள் கவனித்தது மூன்றாவது வாரம், காலைப் பட்டியலை விரல் வைத்துப் படிக்கும்போது. குட்டியின் அப்பாவுடைய எண். அடித்து, தன் எண்ணைப் போட்டாள்.

மூன்றாவது வாரத்தில் செய்த திருத்தம், இரண்டாவது வாரத்து டிஸ்கில் எப்படி இருக்கும்?

“அக்கா? என்னக்கா?” என்றாள் வானொலி.

பூட்டக்கா பட்டியலை மேலே தள்ளினாள். இரண்டு தரம் தாண்டிப் போய்த் திரும்பி வந்தாள். குட்டியின் முழுப்பெயர். பக்கத்தில் அந்த எண். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய எண். அதற்குப் பக்கத்தில், ‘சென்று சேர்ந்தது. 8.41.’

“கடவுளே, கடவுளே, அவன் பார்த்திருக்கக்கூடாது, மாத்தியிருக்கணும் நம்பரை, பழைய நம்பரா இருக்கணும்…” என்று முணுமுணுத்தாள். கோப்பைத் திறந்து எண்ணை அழிக்கப் போனாள். இனி அழித்து என்ன? இருந்தாலும் அழிக்கப் போனாள்.

அந்த வரி பச்சையாக மாறியது. பதில் வந்திருந்தது.

‘1.’

வேறு ஒரு வார்த்தை இல்லை. அவன் எப்போதும் அப்படித்தான்.

அவள் எதையும் தொடவில்லை. வருகிறேன் என்று சொன்னவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அந்த மென்பொருளுக்கு நன்றாகத் தெரியும். அவள் கண்ணெதிரே, யாரும் சொல்லாமலே, ஒழுங்காகச் செய்தது.

‘நன்றி. உங்கள் வருகையை எதிர்பார்க்கிறோம். கீழ்க்கண்ட விவரங்கள் சரியா எனப் பார்த்துக்கொள்ளவும்.’ அதன் கீழே குட்டியின் பெயர், மாடி எண், தெரு, பள்ளி, வகுப்பு. ‘சென்று சேர்ந்தது. 9.06.’

திருடர்கள்கூட ஒளித்துக் கொடுத்ததை, அவளே வரிசையாக எழுதி அவன் கையில் கொடுத்துவிட்டாள்.

“அம்மா, முதல் ஆளை உள்ள அனுப்பு!” என்று டாக்டர் உள்ளே இருந்து கூப்பிட்டார். உற்சாகமான குரல்.

பூட்டக்கா பையை எடுத்தாள். பள்ளிக்குப் போன் போட்டாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இழுப்பறை திறந்து கிடந்தது. வானொலி அவள் கையைப் பிடித்தாள்.

“எங்கக்கா போறீங்க? சொல்லிட்டுப் போங்க!”

“குட்டியோட அப்பா,” என்றாள் பூட்டக்கா. இந்த ஊரில் அந்த வார்த்தையை அவள் சொல்வது அதுதான் முதல் தடவை. “அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. நான்தான் சொல்லிட்டேன்.”

அவன் இப்போது எந்த ஊரில் இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கலாம், அடுத்த தெருவிலும் இருக்கலாம். பள்ளிக்கு நடந்து போனால் பதினெட்டு நிமிடம். அவள் ஓடினாள்.